கரண்டிவாயன் அலகு

நாரையேந்தலில் அலகுகள் போன நாள் மாசி மாதத்து ஒரு புதன்கிழமை. எட்டு மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது, வெயில் நன்றாக ஏறியிருந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டெய்லர் சீனி பாயின் டேப்பிலிருந்த கோடுகள்தான் முதலில் இறங்கின என்று அவர் சொல்லுவார். இல்லை, பால் சொசைட்டியின் அளவுக் குவளையிலிருந்துதான் முதலில் இறங்கின என்று மாடு வைத்திருப்பவர்கள் சொல்லுவார்கள். எது முதல் என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை நடக்கிறது. ஆனால் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். சென்டிமீட்டர்கள் முன்னால் போக, அவற்றின் பின்னால் பொடிசு பொடிசாக மில்லிமீட்டர்கள் போக, எண்கள் கொஞ்சம் பாரமானவை என்பதால் கடைசியில் ஆடி அசைந்து வர, எறும்புச் சாரை மாதிரி தெருவோரமாகவே நடந்து, காளி கோயிலைச் சுற்றிக்கொண்டு, கண்மாய்க் கரையில் ஏறி, அந்தப் பக்கம் தண்ணீருக்குள் இறங்கிப் போயின. சைக்கிளில் வந்தவர்கள் காலை ஊன்றி நின்று வழி விட்டார்கள். மிதித்தால் பாவம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் யாரும் மிதிக்கவில்லை.

காரணம் கேட்டால் ரொம்பச் சின்னக் காரணம். முந்தின நாள் மத்தியானம் ஊராட்சிக்கு ஒரு தாள் வந்திருந்தது. எந்த ஆபீசிலிருந்து வந்தது என்று பார்க்கலாமென்றால் தலைப்பு கிழிந்திருந்தது. எங்கள் ஊராட்சித் தலைவர் முத்திருளாண்டிக்கு மைக் கையில் கிடைத்தால் போதும், கல்யாணப் பத்திரிகையைக்கூட மூன்று முறை படிப்பார். இதையும் மூன்று முறை படித்தார்: "ஊராட்சி எல்லைக்குள் உள்ள அலகுகள் யாவும் வரும் புதன்கிழமை காலை எட்டு மணிக்குள் தத்தமக்குரிய இடத்தில் இருக்க வேண்டும், தவறும் பட்சத்தில் நடவடிக்கை எடுக்கப்படும்."

தமிழில் பாருங்கள், அளக்கிற அலகும் அலகுதான், பறவையின் மூக்கும் அலகுதான், வேண்டுதலுக்குக் கன்னத்தில் குத்திக்கொள்கிற கம்பியும் அலகுதான். நாங்கள் அந்தத் தாளைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தோம், அரசாங்கத் தாள் வந்தால் சும்மா இருப்பது எங்கள் வழக்கம். கோடுகள் அப்படி இல்லை, பாவம். ஒரு நூல் பிசகாமல் நின்றே பழகியவை, சொன்ன சொல்லை மீறத் தெரியாதவை. தமக்குரிய இடம் எது என்று யோசித்திருக்கின்றன. கண்மாய் நிறைய, கருவேலமரத்துக்கு ஐம்பது கூடாக, நாலாயிரம் பறவை உட்கார்ந்திருந்தது. நாலாயிரம் அலகு.

பத்து மணிக்குள் பார்த்துவிட்டோம். மஞ்சள்மூக்கு நாரையின் நீண்ட மூக்கில் நுனியிலிருந்து நெற்றி வரைக்கும் சென்டிமீட்டர் ஏறியிருந்தது. கூழைக்கடாவின் தாடைப் பையில் லிட்டர். அரிவாள்மூக்கனுக்கு மூக்கே வளைவு என்பதால் பள்ளிக்கூடத்துப் பாகைமானிகளின் கோடெல்லாம் அதற்குப் போயிருந்தன. கிலோ எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. நீர்க்காகம் என்பார்கள் சிலர், தண்ணீருக்குள் முங்கிவிட்டது என்பார்கள் சிலர், பலசரக்குக் கடைக்காரர் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. டவுனிலிருந்து புது டேப் வாங்கி வந்தோம். பஸ் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டியதும் அதன் கோடுகளும் ஜன்னல் வழியே இறங்கிப் போய்விட்டன. பேனாவால் நாமே கோடு போட்டால்? அளக்கவேண்டும் என்று நினைத்துப் போட்ட கோடு, மை காய்வதற்குள் கிளம்பிவிடும். சும்மா கிறுக்கிய கோடு இருக்கும்.

மனு எழுதினோம். "எங்கள் ஊர் அலகுகளைக் காணவில்லை" என்று எழுதியது முதலில் வனத்துறைப் பக்கம் போய், பறவைகளின் அலகுகள் குறைவின்றி இருப்பதாக விசாரணையில் தெரிகிறது, புகார் முடித்துவைக்கப்படுகிறது என்று திரும்பியது. மறுபடி எழுதியது கோயில் காரியம் பார்க்கிற இடத்துக்குப் போய், அலகு குத்துவதற்கு முன் அனுமதி பெறவேண்டும் என்று திரும்பியது. மூன்றாவது மனு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நாங்கள் பழகிவிட்டோம்.

பழகுவதற்கு எங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும். இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் இது, எச்சம் விழுந்த சட்டையோடு கல்யாணத்துக்குப் போகிற ஊர். சீனி பாய் ஓர் இளம் நாரையைக் கெண்டை மீன் காட்டிக் கூட்டிவந்து கட்டிங் மேசையில் நிறுத்திக்கொண்டார். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் துணியோடு மூன்று கெண்டையும் கொண்டுவரவேண்டும். நாரை முழங்கைமேல் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும், பாய் குனிந்து எண்ணைப் படிப்பார், இவர்கள் அது கொத்திவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பால் சொசைட்டியில் கூழைக்கடாவின் வாயைத் திறந்துவைத்துப் பாலை ஊற்றினார்கள், அளந்த பாலில் அது பாதியைக் குடித்ததற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் பிள்ளைகளைக் கண்மாய்க் கரைக்கே கூட்டிப்போய்க் கோணம் சொல்லிக்கொடுத்தார். அந்த வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு நூற்றிருபது பாகைக்கு மேல் தெரியாது, அரிவாள்மூக்கன் அதற்கு மேல் வளையாது. விருந்தாளிகள் வந்து வாயைப் பிளந்தால் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இதில் எதுவுமே சிரிப்பாக இல்லை. அவர் நர்ஸம்மா அமலோற்பவம்.

அமலோற்பவம் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். துணை சுகாதார நிலையத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, இந்தப் பதினோரு வருடத்தில் அவர் ஒரு தடுப்பூசித் தேதியைத் தள்ளிப்போட்டு யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் புகுந்து பிள்ளையைத் தூக்கி ஊசி போட்டுவிட்டு, அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அன்றைக்கு அவருடைய ஊசிக்குழாய்களிலிருந்தும் கோடுகள் போயிருந்தன. மில்லி போய்விட்டது. மில்லி போனால், நாகஜோதியின் பிள்ளைக்கு மருந்து கொடுக்க முடியாது.

நாகஜோதி, தலைவர் முத்திருளாண்டியின் தம்பி மகள். புருசன் மாலத்தீவில் கட்டட வேலையில் இருந்தார். பிள்ளை தவசி எட்டாம் மாதத்திலேயே பிறந்து, மூன்றாம் நாளே வலிப்பு வந்து, மதுரைப் பெரிய டாக்டரம்மா பார்த்துக் காப்பாற்றி அனுப்பியிருந்தார். பொட்டலத்து மருந்தை ஒரு மூடித் தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து பாயிண்ட் ஆறு மில்லி, காலையும் சாயங்காலமும். குறைந்தால் வலிப்பு வரும். கூடினால் மூச்சு மங்கும். கரைத்துக் கால் மணி நேரத்துக்குள் கொடுத்துவிடவேண்டும் என்பதால் வெளியூரில் அளந்து வாங்கிவரவும் வழி இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கே போய்விடலாம் என்றால், பஸ் ஏறினாலே அவனுக்கு ஆகாது. போன தடவை பரமக்குடி தாண்டுவதற்குள் இரண்டு முறை வெட்டி இழுத்து உதடு நீலம் பாரித்துவிட்டது. போனில் டாக்டரம்மா, "பாயிண்ட் ஆறு, அதுல விளையாடாதீங்க" என்றார். பாயிண்ட் ஆறு எங்கள் ஊரில் இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது.

முதல் மூன்று நாள் நர்ஸம்மா கைப்பழக்கத்தில் கண்ணை இடுக்கி அளந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு அடுத்த வேளை வரைக்கும் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிற்று, பிள்ளைக்கில்லை, அவருக்கு.

சனிக்கிழமை தலைவர் வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தது. கூட்டிலிருந்து விழுந்த கரண்டிவாயன் குஞ்சு ஒன்றைத் தலைவர் வீட்டில் மீன் கொடுத்து வளர்த்துவந்தார்கள். அதன் மூக்கு அப்போதுதான் நுனியில் தட்டையாகிக் கரண்டி வடிவத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்தக் கரண்டிக்குள், உற்றுப் பார்த்தால், மயிரிழை மாதிரி கோடுகள். பாயிண்ட் ஒன்று, பாயிண்ட் இரண்டு, ஒன்று வரைக்கும்.

நர்ஸம்மா கும்பிட்டார். அப்புறம் வேலையைப் பார்த்தார். வெந்நீரில் கழுவிய கண்ணாடி டிராப்பர் ஒன்றை எடுத்து, குஞ்சின் தலையைத் தலைவர் பிடித்துக்கொள்ள, கரண்டியில் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டு, ஆறாவது கோட்டைத் தொடும்வரை எண்ணினார். பதினாலு. மூன்று முறை எண்ணினார், மூன்று முறையும் பதினாலு. இனிக் குஞ்சுகூட வேண்டாம்; அதே டிராப்பர், அதே பிடி, பதினாலு சொட்டு. அன்றைக்கு ஊரே நிம்மதியாகச் சாப்பிட்டது. தலைவர் கரண்டிவாயனுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்.

அது அப்படியே முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அமலோற்பவம் எதையும் ஒரு தடவை பார்த்ததோடு விடுகிற ஆள் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் போய்ச் சரிபார்த்தார். பதினைந்து.

"கை நடுங்கிருக்கும் நர்ஸம்மா" என்றார் தலைவர்.

"எனக்கா?" என்றார் நர்ஸம்மா. திரும்ப எண்ணினார். பதினைந்துதான்.

அதே வாரத்தில் சீனி பாயின் கடையிலும் ஒரு கலவரம். மாசியில் அளவு கொடுத்த ஜாக்கெட்டெல்லாம் பங்குனியில் தைத்து வந்தபோது தொளதொள என்று, இரண்டு பேர் சேர்ந்து போட்டுக்கொள்கிற மாதிரி இருந்தன. பெண்கள் துணியைக் கொண்டுவந்து மேசையில் எறிந்துவிட்டுப் போனார்கள். பாய் இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டு யோசித்தார், மூன்றாம் நாள் நேரே சுகாதார நிலையத்துக்கு வந்தார்.

"சிஸ்டர், தப்பு என் கையில இல்ல. அந்தப் பய நாரை வளந்துக்கிட்டிருக்கான். மூக்கு வளர வளர கோடும் சேந்து இழுபடுது. அளவெடுத்த அன்னைக்கு இருந்த சென்டிமீட்டரு வேற, துணி வெட்டுன அன்னைக்கு இருந்த சென்டிமீட்டரு வேற. கெழட்டு நாரையில வச்சுப் பாத்தேன், அது அப்பிடியே நிக்குது."

நர்ஸம்மாவுக்கு வந்தது பயம்தான், வேறொன்றும் இல்லை. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. கரண்டிவாயனும் குஞ்சுதான். பதினைந்து தப்பு. பதினாலும் சரி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் கோடுகள் போனது புதன், அவர் எண்ணியது சனி, அந்த மூன்று நாளில் மூக்கு எவ்வளவு நீண்டதோ.

இந்தச் செய்தி ஊருக்குள் பரவியதும் நடந்ததைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. கெட்டிக்காரர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். வாங்கும்போது வளர்ந்த குஞ்சு, விற்கும்போது பொடிக்குஞ்சு என்று ஆளுக்கு இரண்டு பறவை வைத்துக்கொண்டார்கள். கேட்டால், எல்லாம் பகவான் கொடுத்த அலகு, இதில் நீ என்ன நான் என்ன என்றார்கள். ஆனால் தவசியின் விஷயத்தில் எங்களுக்குக் கள்ளம் இல்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன். நாங்கள் நம்பினோம். பிள்ளைக்கும் ஏறக்குறைய இரண்டு மாதம், குஞ்சுக்கும் ஏறக்குறைய இரண்டு மாதம். பிள்ளை வளர மருந்தும் கூடவேண்டும் என்று டாக்டரம்மாவே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். ஆக, பிள்ளை வளர வளரக் குஞ்சின் மூக்கும் வளர்ந்து தானாகவே அளவைக் கூட்டிக்கொடுக்கிறது. இது தெய்வக்கணக்கு இல்லாமல் வேறென்ன? காளி கோயிலில் பொங்கல் வைத்துவிட்டோம். கரண்டிவாயனைத் தலைவர் தோளில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்.

நர்ஸம்மா அன்றைக்கு அந்த ஊர்வலத்தின் நடுவில் போய் நின்றார்.

"தலைவரே, பிள்ளை எவ்வளவு வளந்தான்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. கிலோவே இல்லையே ஊருல. பறவை எவ்வளவு வளந்துச்சுன்னும் தெரியாது. ரெண்டு தெரியாததையும் சேத்து ஒரு பச்சப்பிள்ளை வாயில ஊத்தச் சொல்றீகளா?"

"சாமி காரியத்துல கணக்குப் பாக்காதீக நர்ஸம்மா."

"சாமிக்கு நான் குறுக்க நிக்கல. அளவுன்னா அது அசையக் கூடாது. அசையுறதுக்குப் பேரு அளவு இல்ல. டவுனுல வச்சு எண்ணிட்டு வந்தேன், அந்தக் கணக்கும் எல்லைக்கல்லுலயே எறங்கிப்போச்சு. கண்மாயில நானூறு கரண்டிவாயன் இருக்கு. எங்கிட்ட ஆறு ஊசிக்குழாய் இருந்துச்சு. ஒரு குழாயோட கோடு இந்தக் குஞ்சுக்கு வந்துச்சுன்னா, மத்த அஞ்சும் எதுக்கோ போயிருக்கும். அதுல ஒண்ணாவது பெரிய பறவையா இருக்கும். அதைத் தேடப் போறேன். அதுவரைக்கும் பதினாலைத் தாண்டிக் குடுக்க மாட்டேன்."

"நானூறு பறவை வாயையும் தொறந்து பாப்பீகளாக்கும்?"

"பாப்பேன்."

மறுநாள் பொழுது விடிந்ததும் கண்மாயில் இறங்கினார். ஒற்றைக் காலில் நிற்கிறார் நர்ஸம்மா என்று ஊர் சிரித்தது, நாரைக்குப் போட்டியாக நிற்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள், உண்மையில் இரண்டு காலிலும்தான் நின்றார், இடுப்பளவுத் தண்ணீரில், சேலைக்கு மேல் சீனி பாய் கொடுத்த பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, டிராப்பரை முந்தானையில் முடிந்துகொண்டு, காலையில் இறங்கி உச்சிவெயில் வரைக்கும். மத்தியானம் கரையேறி ஊசி, மாத்திரை, கர்ப்பிணிகள் என்று தன் வேலையெல்லாம் பார்த்துவிட்டு, சாயங்காலம் தவசிக்குத் தன் கையால் பதினாலு சொட்டு. காலை மருந்தை, இதே அளவு சொட்டு விழுகிற இன்னொரு டிராப்பரோடு, தன் கண்முன் கற்றுக்கொண்ட நாகஜோதியிடம் விட்டிருந்தார்.

முதல் நாள் பறவைகள் பறந்து ஓடின. இரண்டாம் நாளும் ஓடின. மூன்றாம் நாள் பாதி ஓடின. கரண்டிவாயன் இரை தேடுவதைப் பார்த்திருக்கிறீர்களா, மூக்கைத் தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியுமாகக் கதிர் அறுக்கிற மாதிரி வீசிக்கொண்டே நடக்கும், இரை பட்டதும் ஒரு கணம் தலையைத் தூக்கி வாயைத் திறக்கும். அந்த ஒரு கணத்தில்தான் உள்ளே பார்க்கவேண்டும். பார்த்த பறவையை எப்படி நினைவு வைத்துக்கொள்வது? ஒவ்வொன்றின் பிடரிக் கொண்டையும் ஒவ்வொரு மாதிரி என்று ஐந்தாம் நாள் கண்டுபிடித்தார். ஆறாம் நாள் மழை. ஏழாம் நாள் காய்ச்சல், எத்தனை டிகிரி என்று பார்க்க வழி இல்லாததால் பார்க்கவில்லை, இறங்கிவிட்டார். சீனி பாய் கரையில் நின்று கத்தினார்: "சிஸ்டர், தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன மொழம் என்ன? ஏறி வாங்க, பதினாலோ பதினஞ்சோ, பிள்ளை நல்லாத்தான தூங்குறான்!"

"சாணும் மொழமும் வேற வேற பாய்" என்று தண்ணீரிலிருந்து பதில் வந்தது.

அன்றைக்கே பாயும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவருக்குக் கோடு படிக்கிற கண் உண்டு. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். இருநூறு தாண்டியது, இருநூற்றெழுபது தாண்டியது. பறவைகளுக்கு அவர்கள் பழகிவிட்டார்கள். முட்டையிலிருந்து வந்த நாள் முதல் பார்க்கிற இரண்டு பட்டுப்போன மரங்கள் என்று நினைத்திருக்கும். சித்திரை பிறந்தால் இவையெல்லாம் கிளம்பிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும். கிளம்பத்தான் செய்தன, எங்கள் கோடுகளையும் கொண்டே போயின. அவை போன பிறகு வாங்கிய புது டேப்பின் கோடுகள் பேசாமல் டேப்பிலேயே இருந்தன. பழைய கோடுகளைப் போலச் சொல்பேச்சுக் கேட்கிற சாதி இல்லை போலிருக்கிறது. எங்கோ ஒரு தேசத்து ஏரிக்கரையில் எங்கள் சீனி பாயின் டேப்பை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு நாரை நின்றுகொண்டிருக்கும். ஆனால் அது பின்னால் நடந்தது.

பதினோராம் நாள் காலை, முந்நூற்றுப் பன்னிரண்டாவது பறவை. கிழட்டுக் கரண்டிவாயன், மார்பில் மஞ்சள் வெளுத்துப்போனது, ஒரு கண் மங்கல். நர்ஸம்மா கையை நீட்டினார். அது என்ன நினைத்ததோ, அவர் உள்ளங்கையில் மூக்கைக் கொண்டுவந்து வைத்து வாயைத் திறந்தது. கரிய கரண்டிக்குள் மயிரிழைக் கோடுகள், பாயிண்ட் ஒன்று, பாயிண்ட் இரண்டு. நர்ஸம்மா பல்லால் முந்தானை முடிச்சை அவிழ்த்து டிராப்பரை எடுத்தார். சொட்டு சொட்டாக எண்ணினார். பாய் மூச்சுவிடாமல் பக்கத்தில் நின்று தானும் எண்ணினார். பன்னிரண்டு.

மூன்று முறை. மூன்று முறையும் பன்னிரண்டு.

ஈரம் சொட்டச் சொட்ட அவர் நாகஜோதியின் வீட்டுக்கு வந்தபோது வாசலில் கூட்டம் இருந்தது. உள்ளே தலைவர், மடியில் கரண்டிவாயன் குஞ்சு. கீழே ஒரு கிண்ணத்தில் காலை மருந்து கரைத்து வைத்திருந்தது. நர்ஸம்மா அதைப் பார்த்தார், குஞ்சைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். காலை மருந்து ஒன்பது நாளாகக் குஞ்சின் அளவில்தான் போயிருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தம்பி பேரன் மேல் உயிரையே வைத்திருந்தார். தெய்வம் கூட்டிக் கொடுக்கிறதை நர்ஸம்மா பிடிவாதத்தில் குறைக்கிறாரே என்று பயந்துபோய்ச் செய்தது. "இன்னைக்குப் பதினேழு காட்டுது" என்றார் மெதுவாக.

"பன்னெண்டு" என்றார் நர்ஸம்மா. "பெரிய பறவையில மூணு தடவை பாத்தாச்சு. பாயும் எண்ணுனாரு. சரியான அளவு பன்னெண்டு. நான் குடுத்த பதினாலே தப்பு. அது என் தப்பு, ஒத்துக்கிறேன். பதினேழுங்கிறது விஷம் தலைவரே." பதினோரு வருடத்தில் அவர் அழுது நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட்டம் சலசலத்தது. பதினேழிலிருந்து ஒரேயடியாகப் பன்னிரண்டா? இந்தத் தெய்வக்கணக்கில் வந்த பிறகுதான் ஒரு வலிப்புகூட வரவில்லை, பிள்ளை அமைதியாகத் தூங்குகிறான், இதைக் குறைத்து வலிப்பு வெட்டு வந்தால்? தலைவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "கொறச்சுக் குடுத்து என்னமும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீங்க தேவகோட்டைக்குப் போயிருவீக. பிள்ளை எங்க பிள்ளை."

அப்போதுதான் அதுவரைக்கும் சுவரோரமாகப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாகஜோதி நிமிர்ந்தாள்.

"பெரியப்பா, அவன் பசிச்சு அழுது மூணு நாளாச்சு."

பிள்ளையின் கன்னத்தை விரலால் தட்டிக் காட்டினாள், அவன் அசையவில்லை.

"தூங்குறான் தூங்குறான்னு எல்லாரும் சந்தோசப்பட்டீக. நானும் சாமின்னு கும்புட்டுக்கிட்டுக் கெடந்தேன். எம் மார் ரெண்டும் கல்லாக் கட்டிக் கெடக்கு பெரியப்பா. பீச்சி ஊத்துறேன். வாயில வச்சா ரெண்டு வாய்க்கு மேல இழுக்க மாட்டேங்கிறான், அப்பிடியே கண்ணு சொருகிருது. எனக்குப் பறவையும் தெரியாது, மில்லியும் தெரியாது. எம் பிள்ளைக்கு எவ்வளவு பால் வேணும்னு எனக்குத் தெரியும். அதுல பாதி கொறஞ்சு போச்சு. உங்க குஞ்சு கூட்டுன கணக்கு எனக்கு வேணாம்." நர்ஸம்மாவைப் பார்த்தாள். "பன்னெண்டு குடுங்க சிஸ்டர்."

"அப்பிடியே குடுக்கக் கூடாதும்மா. கூடிப்போனது உடம்புலயே நிக்குது. டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

ஈரக்கையோடு போன் போட்டார். ஒன்பது நாளாக ஒரு வேளைக்குப் பதினாறு, பதினேழு சொட்டு போயிருக்கிறது, பாலுக்கு எழுந்திருக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் டாக்டரம்மா போட்ட சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. திட்டி முடித்து, காலை மருந்தை விட்டுவிடச் சொன்னார், மூச்சை எண்ணிக்கொண்டே இருக்கச் சொன்னார், மூச்சு நாற்பதுக்குக் கீழே இறங்கினால் வழியில் வலிப்பு வந்தாலும் பரவாயில்லை, வண்டி வைத்துத் தூக்கிவரச் சொன்னார். இறங்காவிட்டால் சாயங்காலத்திலிருந்து பாயிண்ட் ஆறு.

நேரம் மட்டும் எங்கள் ஊரை விட்டுப் போயிருக்கவில்லை. நர்ஸம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிள்ளையின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முட்டி போட்டு, சின்ன வயிறு ஏறி இறங்குவதை எண்ணினார். நாற்பத்திரண்டு. கொஞ்சம் விட்டு, நாற்பத்தொன்று. ஊர் முழுவதும் வாசலில் நின்றது. பால் கறக்கப் போகவேண்டியவர்கள் போகவில்லை, சீனி பாய் ஈரச் சட்டையோடு நின்றார், வாடகை வண்டி ஒன்று கதவைத் திறந்தபடி தெருவில் நின்றது. தலைவர் குஞ்சைக் கீழே இறக்கிவிட்டார், அது தன்பாட்டுக்கு நடந்து முற்றத்துக்குப் போயிற்று, யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சிக்கு நாற்பத்துமூன்று. இரண்டு மணிக்கு நாற்பத்தாறு. நர்ஸம்மாவின் சேலை உடம்பிலேயே காய்ந்தது. யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள், ஆடை படிந்தது.

நாலரை மணிக்கு மருந்தைக் கரைத்தார். தவசியின் உதட்டோரத்தில் டிராப்பரை வைத்து, ஒவ்வொரு சொட்டையும் வாய்விட்டு எண்ணினார். கூடியிருந்த நாங்களும் எங்களை அறியாமல் கூடவே எண்ணினோம். பன்னிரண்டில் அவர் கையை எடுத்தார். நாங்களும் நிறுத்திக்கொண்டோம்.

அப்புறம் காத்திருந்தோம். வலிப்பு வந்தால் முதலில் இடது கை துடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் இடது கையையே பார்த்தோம். ஐந்தேகாலுக்குக் கை துடித்தது. நாகஜோதி வாயைப் பொத்திக்கொண்டாள். கை துடித்து, மேலே எழும்பி, விரல்களை விரித்து, காற்றில் எதையோ பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்தது, கண் திறந்தது, முகம் சிவந்து சுருங்கி, மூன்று நாளாக அந்த வீட்டில் கேட்காத குரலில், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, தவசி அலறினான்.

தலைவர் பதறிப்போய், "வெட்டு வந்துருச்சா?" என்றார்.

"இல்ல பெரியப்பா, பசி" என்றாள் நாகஜோதி. பிள்ளையை அள்ளி எடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை சட்டென்று நின்று, அவன் மூச்சு முட்ட முட்டக் குடிக்கிற சத்தம் வாசல் வரைக்கும் வந்தது.

அதைக் கேட்ட பிறகுதான் நர்ஸம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.